'நான்'ல ஆரம்பிக்காதீங்க, 'எனக்கு'ல ஆரம்பிங்க

இங்கிலீஷ் வழியா இத்தாலியன் கத்துக்குடுக்கற புத்தகங்களைப் புரட்டிப் பாருங்க. ஒரு பாடம் வந்தா மட்டும் ஆசிரியருக்குப் படபடப்பு வந்துடும். 'பிடிக்கும்'னு சொல்ற பாடம். பக்க ஓரத்துல கட்டம் கட்டி, "ஜாக்கிரதை, இந்த வினைச்சொல் தலைகீழா நடக்கும்"னு எச்சரிக்கை. அப்புறம் ரெண்டு பக்கத்துக்கு அம்புக்குறி, அட்டவணை, கடைசியில "பயப்படாதீங்க, போகப் போகப் பழகிடும்"னு ஆறுதல் வேற. நம்ம ஆளுங்களும் அதைப் படிச்சு, ஓஹோ நமக்கும் இது கஷ்டம்போலன்னு நம்பி, மண்டைக்குள்ள முதல்ல ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை நிக்க வச்சு, அதைக் குப்புறக் கவுத்து, அதுக்கப்புறம் இத்தாலியன்ல வாயைத் திறக்கறாங்க. அதுக்குள்ள எதிர்ல இருக்கறவர் சாப்பிட்டே முடிச்சிருப்பார்.

தலைகீழாம். யாருக்குங்க தலைகீழ்?

'மி பியாச்சே இல் சுஷி.' மி-ன்னா எனக்கு. பியாச்சே-ன்னா பிடிக்கும். இல் சுஷி-ன்னா சுஷி (இல்-ங்கறது ஆண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வர்ற ஒட்டு). எனக்குப் பிடிக்கும் சுஷி. அவ்வளவுதான். 'மார்க்கோவுக்கு சுஷி பிடிக்கும்'னு சொல்லணுமா? 'ஆ மார்க்கோ பியாச்சே இல் சுஷி.' ஆ-ங்கறது நம்ம 'கு'. பேருக்குப் பின்னாடி ஒட்டறதுக்குப் பதிலா முன்னாடி நிக்குது, வினைச்சொல் கடைசிக்கு வராம நடுவுல உக்காந்துக்குது. மத்தபடி ரெண்டும் ஒரே மனசு. சாப்பிடறவர் எழுவாய் இல்ல, அவருக்கு நான்காம் வேற்றுமைதான். நன்னூல் படிச்ச பிள்ளைக்கு இதுல எச்சரிக்கைக் கட்டம் எதுக்கு? இன்னொரு வேடிக்கை என்னன்னா, பழைய இங்கிலீஷே இப்படித்தான் பேசிச்சு. இன்னிக்கு 'நான் விரும்புறேன்'னு நிக்கற அதே வினைச்சொல், ஒரு காலத்துல 'அது எனக்குப் பிடிக்கிறது'ங்கற அமைப்புலதான் வந்துக்கிட்டு இருந்துது. நடுவழியில திரும்பிப் போனது இங்கிலீஷ். லத்தீன் காலத்துல இருந்து நேரா நடந்து வந்த இத்தாலியனைப் பாத்துத் தலைகீழ்னு சொல்றது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்.

ஆக நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். சுஷியோ கெபாபோ ராமெனோ, வெளிநாட்டுச் சாப்பாடு பிடிச்சிருக்குன்னு இத்தாலியன்ல பேசணும்னா இங்கிலீஷை நடுவுல தரகரா வைக்காதீங்க. தமிழ்ல இருந்து நேராப் போங்க. வழி குட்டை. (எல்லா இடத்துலயும் இல்ல. எங்கெங்க பள்ளம்னு பின்னாடி சொல்றேன், ஓடிடாதீங்க.)

இதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டா, 'மி பியாச்சே'யை விட நல்ல ஆதாரம் அதுக்கு அடுத்த வரியில இருக்கு. ஒருத்தர் 'மி பியாச்சே இல் கெபாப்'னு சொல்றார். உங்களுக்கும் கெபாப் பிடிக்கும். என்ன சொல்லுவீங்க? இங்கிலீஷ் வழியா வந்தவர் 'ஆங்க்-ஈயோ'ன்னு சொல்லிடுவார். அதாவது 'நானும்'. இத்தாலியனுக்கு அது தப்பு. ஏன் தப்புன்னு இங்கிலீஷ்ல விளக்க அரைப் பக்கம் வேணும். தமிழ்ல விளக்கமே வேண்டாம். "எனக்கு கெபாப் பிடிக்கும்"னு ஒருத்தர் சொன்னா நீங்க "நானும்"னா சொல்லுவீங்க? "எனக்கும்"னுதானே சொல்லுவீங்க? அதுதான் 'ஆங்க்கே ஆ மே'. பிடிக்காட்டி 'ஆ மே நோ', எனக்கு இல்லப்பா. அவருக்கும் பிடிக்கல உங்களுக்கும் பிடிக்கலன்னா 'நெயாங்க்கே ஆ மே', எனக்கும் பிடிக்காது. வேற்றுமை உருபு ஒரு இடத்துலயும் நழுவல பாருங்க. இங்கிலீஷ் ஆட்கள் வருஷக்கணக்கா இத்தாலியன் பேசியும் இந்த ஒரு இடத்துல வழுக்கி விழுவாங்க. தமிழ் ஆளு முதல் நாளே விழ வேண்டிய அவசியம் இல்ல, இங்கிலீஷைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்காத வரைக்கும்.

இது ஒரு சொல்லோட நிக்கல. சாப்பாட்டு மேஜையில உக்காந்தா 'மி' வரிசையா வந்துக்கிட்டே இருக்கும். 'தி வா உன் ராமென்?' ராமென் சாப்பிடலாமா, உனக்கு ஓகேவா? 'மி செம்ப்ரா சலாத்தோ', எனக்கென்னமோ உப்பா இருக்கற மாதிரி தோணுது. 'மி பியாச்சே மஞ்ஜாரே', எனக்குச் சாப்பிடப் பிடிக்கும் (ரெண்டு மொழியிலயும் அங்க வர்றது காலம் காட்டாத எச்சம்தான்). அப்புறம் 'மி பாஸ்தா', எனக்குப் போதும். (ஆமா, தமிழ் எழுத்துல எழுதினா சாப்பிடற பாஸ்தாவும் போதும்ங்கற பாஸ்தாவும் ஒண்ணுதான். நம்ம எழுத்துக்கு ப-வும் ப-வும் ஒண்ணு. முதல்ல வர்ற ஒலியை வாய்தான் பிரிச்சுக் காட்டணும், இல்லாட்டி "போதும்"னு சொன்னவர் தட்டுல இன்னொரு கரண்டி விழும்.) இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது 'மி வியேனே லாக்குவொலீனா இன் போக்கா'. எனக்கு வாயில தண்ணி வருது. நாக்குல எச்சில் ஊறுதுன்னு நாம சொல்றோமே, அதேதான், அந்த 'எனக்கு' உள்பட.

சொல்வளத்துலயும் இதே கதைதான். வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பத்திப் பேசினா முதல்ல வர்ற விஷயம் காரம். இங்கிலீஷ்ல சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே வார்த்தையைப் போட்டு ஓட்டிடறாங்க, காரத்துக்கும் மசாலாவுக்கும் இன்னொரு வார்த்தையைப் பங்கு போட்டுக்கறாங்க. இத்தாலியன் அப்படி இல்ல. சூடுன்னா 'கால்தோ'. காரம்னா 'பிக்கான்த்தே'. மசாலா தூக்கலா இருந்தா 'ஸ்பெத்ஸியாத்தோ'. மூணுக்கு மூணு. நமக்கும் சூடு, காரம், மசாலான்னு மூணு. ஒரு குருமாவைப் பாத்து "மசாலா நிறைய, ஆனா காரம் இல்ல"ன்னு சொல்ல நமக்கு யோசனையே தேவையில்ல. இத்தாலியன்லயும் தேவையில்ல. இங்கிலீஷ் வழியாப் போனவர்தான் சூடான சூப்பைக் காட்டி 'பிக்கான்த்தே'ன்னு சொல்லி சர்வரைக் குழப்புவார். அதே மாதிரி, சப்புன்னு இருக்கற டோஃபுவைப் பத்தி 'நோன் ஸா தி நியென்த்தே'ன்னு ஒரு அழகான வாக்கியம் இருக்கு. ஒண்ணுமே ருசிக்கல, ஒரு சத்தும் இல்ல. இதுல வர்ற வினைச்சொல்லுக்கு 'தெரியும்'னும் அர்த்தம், 'ருசிக்கும்'னும் அர்த்தம். அறிவும் நாக்கும் ஒரே வேர்.

ஒலியையும் ஒரு வரி சேத்துக்கறேன். பென்னேன்னு ஒரு பாஸ்தா இருக்கு இல்லையா, அதுல 'ன்ன'வை அழுத்திச் சொல்லணும். ஒத்தை 'ன'வா விட்டா அது ஆண்களோட ஒரு உறுப்பு. இங்கிலீஷ்காரருக்கு ஒத்தையும் இரட்டையும் காதுல ஒண்ணாத்தான் விழும். நமக்கு கனியும் கன்னியும் ஒண்ணா?

சரி, இப்ப எதிர்க்கேள்விக்கு வருவோம். வரத்தான் வரும்.

முதல் கேள்வி: "அப்படின்னா தமிழும் இத்தாலியனும் ஒண்ணுங்கறியா? பசிக்கு என்ன சொல்லுவ?" நியாயமான கேள்வி, இங்கதான் பள்ளம் இருக்கு. 'எனக்குப் பசிக்குது'ங்கறதை அப்படியே 'மி'ல ஆரம்பிச்சீங்கன்னா தொலைஞ்சீங்க. இத்தாலியன்ல பசி ஒரு பொருள், அதை வச்சிருக்கணும்: 'ஓ ஃபாமே', பசி வச்சிருக்கேன். தாகமும் அப்படித்தான். 'எனக்குத் தெரியும்'ங்கறதும் அங்க 'மி' இல்ல, ஒத்தைச் சொல்லுல 'ஸோ', நான் அறிவேன். ஆனா கவனிங்க, பசி விஷயத்துல இங்கிலீஷும் உதவாது. அவங்க 'நான் பசியா இருக்கேன்'னு சொல்றவங்க, இத்தாலிக்காரங்க 'பசி வச்சிருக்கேன்'னு சொல்றவங்க. ரெண்டு பேரும் தப்புப் பண்ணப் போற இடம்தான் இது. தமிழ் வழி முழுசாச் சரின்னு நான் சொல்லல. பிடிக்கும், தோணும், போதும், ருசிக்கும்னு நாக்கும் மனசும் சேர்ற இடத்துல அது கிட்டத்தட்டச் சரி. வயித்துக்குப் போனா மாறிடும்.

இலக்கணம் தெரிஞ்சவங்க இதை விடக் கூர்மையா ஒண்ணு கேப்பாங்க. "தமிழ்ல 'எனக்கு உன்னைப் பிடிக்கும்'னு சொல்றோமே, அந்த 'ஐ' என்ன பண்ணும்?" அருமையான கேள்வி. தமிழ்ல பிடிச்ச பொருள் செயப்படுபொருள். இட்லியா இருக்கறப்ப உருபு மறைஞ்சிருக்கு, ஆளா இருக்கறப்ப வெளிய வருது. 'பிடிக்கும்'ங்கறது எதுக்காகவும் மாறாது. ஒரு இட்லி பிடிக்கும், நூறு இட்லி பிடிக்கும், உன்னைப் பிடிக்கும், ஊரைப் பிடிக்கும். கல்லு மாதிரி அப்படியே உக்காந்திருக்கும். இத்தாலியன்ல பிடிச்ச பொருள்தான் எழுவாய். அதனால அது என்ன சொல்லுதோ அதுக்கு வினைச்சொல் ஆடணும். ஒண்ணுன்னா பியாச்சே. பலதுன்னா பியாச்சொனோ. நீன்னா பியாச்சி. இதுதான் தமிழ் ஆளு உண்மையிலேயே கத்துக்க வேண்டிய விஷயம். 'எனக்கு'வைப் பத்தி ரெண்டு பக்கம் அம்புக்குறி போடறதுக்குப் பதிலா, இந்த ஒரு இடத்துல நேரத்தைப் போட்டா போதும்.

அதுலயும் வெளிநாட்டுச் சாப்பாடுன்னா இந்த விஷயம் சூடு பிடிக்கும். (கால்தோ. பிக்கான்த்தே இல்ல.) ஏன்னா ஒரு பண்டம் பிடிச்சுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி அது ஆணா பெண்ணா, ஒண்ணா பலதான்னு தெரியணும். நம்ம ஊர்ல சாப்பாடு மொத்தமும் அஃறிணை, பிரச்சினையே இல்ல. அங்க ஒரு சீன உணவகத்துல உக்காந்து சாப்பிட்டு முடிச்சீங்கன்னு வச்சுக்கங்க. ராமென் ஆண்பால் ஒருமை: 'இல் ராமென் மி யே பியாச்சூத்தோ'. சூப் பெண்பால் ஒருமை: 'லா ட்ஸுப்பா மி யே பியாச்சூத்தா'. ஆவியில வெந்த கொழுக்கட்டை மாதிரி ஒண்ணு வருமே, அது ஆண்பால் பன்மை: 'மி சோனோ பியாச்சூத்தி'. எறால் அப்பளம் பெண்பால் பன்மை: 'மி சோனோ பியாச்சூத்தே'. நாலு தட்டு, நாலு முடிவு. தோ, தா, தி, தே. தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே 'பிடிச்சுது'. இங்க நேர்மையா ஒண்ணு ஒத்துக்கணும்: இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு ஒருமை பன்மை விஷயத்துல மட்டும் சின்ன லாபம் உண்டு. அவங்க பன்மையைச் சொல்லாம விட மாட்டாங்க. நாம "எனக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்"னு ஒண்ணையே சொல்லிட்டுப் பத்து சாப்பிடுவோம். ஆனா பால் விஷயத்துல இங்கிலீஷும் நம்மள மாதிரியே கைவிரிக்கும்.

அந்தப் பன்மைலயும் ஒரு சுவாரஸ்யம். வெளியூர்ச் சொல் மெய்யெழுத்துல முடிஞ்சா இத்தாலியன் அதைத் தொடறதில்ல. ஒரு கெபாப் 'இல் கெபாப்', பத்து கெபாப் 'இ கெபாப்'. சொல் அப்படியே இருக்கு, முன்னாடி நிக்கற ஒட்டுதான் எண்ணிக்கை சொல்லுது. அதனால ஒட்டை விழுங்கிட்டா வினைச்சொல் எதுக்கு ஆடணும்னு தெரியாமப் போயிடும். 'ஆ'வுல முடியற சொல்லுக்கு இத்தாலியன் காதுல பெண்வாசனை அடிக்கும், அதனால 'லா பாயெல்லா'. 

காலத்துலயும் ஒரு கண்ணி இருக்கு. நமக்கு 'பிடிக்கும்', 'பிடிச்சிருக்கு', 'பிடிச்சுது'ன்னு மூணு படி. ஜப்பான் சாப்பாடே பிடிக்கும், தட்டுல இருக்கற இது பிடிச்சிருக்கு, நேத்து சாப்பிட்டது பிடிச்சுது. இத்தாலியன்ல முதல் ரெண்டுக்கும் 'மி பியாச்சே'தான். 'பிடிச்சிருக்கு'ங்கறது முடிஞ்ச மாதிரி தோணுதேன்னு 'மி யே பியாச்சூத்தோ' போட்டீங்கன்னா, பாதி சாப்பாட்டுல கை கழுவின மாதிரி ஆயிடும். தட்டு காலியானப்புறம் சர்வர் வந்து 'லே யே பியாச்சூத்தோ?'ன்னு கேப்பார். உங்களுக்குப் பிடிச்சுதுங்களா? (அந்த 'லே' மரியாதை வடிவம், நம்ம 'உங்களுக்கு'. ஆனா இலக்கணப்படி அது 'அவளுக்கு'. மீசை வச்ச ஆளையும் மரியாதையா 'அவளுக்கு'ன்னுதான் கேக்கணும்.) 

அடுத்த கேள்வி வேற ரகம். "இத்தாலிக்காரங்ககிட்ட போய் வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பத்திப் பேசணுமா? அவங்களுக்குத் தன் அம்மா சமையலைத் தவிர வேற எதுவும் இறங்காதே?" இதுலயும் பாதி உண்மை இருக்கு. 1986-ல ரோம்ல ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பக்கத்துல மெக்டொனால்ட்ஸ் வந்தப்ப எதிர்ப்புக் கிளம்பி, கார்லோ பெத்ரீனியோட ஸ்லோ ஃபுட் இயக்கம் அந்தக் கோபத்துலதான் வேர் பிடிச்சுது. 2009-ல லூக்கா நகராட்சி, பழைய மதிலுக்குள்ள இருக்கற நகரத்துல வேற இனத்தார் உணவகங்கள் புதுசா வரக்கூடாதுன்னே விதி போட்டுது. வெளிநாட்டு உணவகத்துக்கு 'எத்னிக்கோ'ன்னு ஒரு பொதுப் பட்டம் இருக்கு, ஆனா பிரெஞ்சு உணவகத்தை யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. அந்த வார்த்தைக்குள்ள ஒரு ஜாதிக் கணக்கு ஓடுதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆனா அதே இத்தாலிக்காரங்க சீன உணவகத்துப் பட்டியல்ல என்ன பேர் வச்சிருக்காங்கன்னு பாருங்க. மேல சொன்ன ஆவிக் கொழுக்கட்டைக்கு 'ரவியோலி அல் வபோரே', ஆவியில வெந்த ரவியோலி. கண்ணாடி நூடுல்ஸுக்கு 'ஸ்பகெத்தி தி சோயா'. எறால் அப்பளத்துக்கு 'நூவொலே தி த்ராகோ', டிராகன் மேகங்கள்! வாய்க்கு அந்நியமா இருந்ததை நாக்குக்குச் சொந்தமான பேர் வச்சு வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டாங்க. இது புதுப் பழக்கமும் இல்ல. தக்காளி அமெரிக்காவுல இருந்து வந்தது, அதுக்கு 'பொமொதோரோ', பொன் ஆப்பிள்னு பேரு. மக்காச்சோளமும் அங்க இருந்துதான், அதுக்கு 'க்ரான்தூர்க்கோ', துருக்கித் தானியம்னு பேரு (துருக்கிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, தூரத்துல இருந்து வந்ததெல்லாம் துருக்கி). 1690-கள்ல அந்தோனியோ லத்தீனி நேப்பிள்ஸ்ல வெளியிட்ட சமையல் புத்தகத்துல வர்ற தக்காளி சாஸுக்குப் பேரே 'ஸ்பானிய முறை' சாஸ். இன்னிக்கு இத்தாலியோட கொடி மாதிரி இருக்கற தக்காளி சாஸ், ஒரு காலத்துல அவங்களுக்கே வெளிநாட்டுச் சாப்பாடு. சிசிலில த்ராபனி பக்கம் மீன் குழம்பு ஊத்தி கூஸ்கூஸ் சாப்பிடறாங்க, சான் வீத்தோ லோ காப்போல 1998-ல இருந்து அதுக்குத் திருவிழாவே நடக்குது. ஆப்பிரிக்கக் கரையில இருந்து வந்த அந்தப் பண்டத்தை அவங்ககிட்ட வெளிநாட்டுச் சாப்பாடுன்னு சொல்லிப் பாருங்க!

அதனால வெளிநாட்டுச் சாப்பாட்டைப் பத்திப் பேச இத்தாலியன் மொழிக்குத் தயக்கம் இல்ல, சொல்றவர் எப்படிச் சொல்றார்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. பிடிக்காததைச் சொல்றதுக்கும் அங்க படிகள் உண்டு. 'ஃபா ஸ்கீஃபோ'ன்னா குமட்டுது. விருந்தாளியா இருக்கறப்ப அந்தப் பக்கமே போகாதீங்க. 'யே பர்த்திகொலாரே', ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கு. (நம்ம "ம்ம்... நல்லாருக்கு" இருக்கே, அந்த 'ம்ம்' எவ்வளவு நீளமோ அவ்வளவு அர்த்தம் இதுக்குள்ள இருக்கு.) 'நோன் மி திஸ்பியாச்சே'ன்னா 'பிடிக்காம இல்ல', அதாவது பரவாயில்ல, இன்னொரு கரண்டி வைக்கலாம். ஆனா 'நோன்'ஐ விட்டுட்டு 'மி திஸ்பியாச்சே'ன்னு சொன்னா அது மன்னிப்பு. சமைச்சவருக்கு நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்கன்னு புரியாது, அல்லது நல்லாவே புரிஞ்சிடும்.

கடைசியா ஒரு கேள்வி: "இவ்வளவு பாடு எதுக்கு? 'ஆமோ இல் சுஷி'ன்னு காதல் வினைச்சொல்லைப் போட்டா 'நான்'லயே ஆரம்பிக்கலாமே?" ஆரம்பிக்கலாம். இத்தாலிக்காரங்களே 'ஆமோ', 'அதோரோ'ன்னு சாப்பாட்டைப் பத்திச் சொல்றது உண்டு, தப்பில்ல. ஆனா அது பெரிய நோட்டு. காதலிகிட்ட நீட்டற அதே நோட்டை டீக்கடையில நீட்டினா சில்லறை கிடைக்காது. தினமும் ஒவ்வொரு தட்டுக்கும் காதல் சொல்லிக்கிட்டு இருந்தா, நிஜமாவே உருகறப்ப சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. அப்படி உருகினா 'வாதோ மாத்தோ பெர் இல் ராமென்', ராமென்னா எனக்குப் பைத்தியம்னு சொல்லிக்கலாம். அல்லது 'தா லெக்கார்சி இ பாஃப்ஃபி', மீசையை நக்கிக்கற ருசி. (மீசை இல்லாதவங்களும் சொல்லலாம்.)

இதுல நமக்குன்னு ஒரு முனை இருக்கு. பலெர்மோல இலங்கைத் தமிழர்கள் 1980-கள்ல இருந்து வாழறாங்க. பெல்லெக்ரீனோ மலையில இருக்கற சாந்தா ரோசாலியா கோயிலுக்கு விடாம ஏறிப் போறவங்க. அவங்க வீட்டு மேஜையில, அவங்க பேசற இத்தாலியன்ல, வெளிநாட்டுச் சாப்பாடு எது? தோசைதான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அவர் ஒரு வாய் வச்சதும் 'தி பியாச்சே?'ன்னு கேக்கறவங்க அவங்க. இட்லின்னா பிரச்சினை இல்ல, உயிரெழுத்துல ஆரம்பிக்கறதால 'லி இத்லி', ஆண்பால் பன்மை, 'மி சோனோ பியாச்சூத்தி'. தோசைதான் வம்பு. 'ஆ'வுல முடியுதேன்னு 'லா தோசா'ன்னு பெண்பாலாக்குறவங்க உண்டு, வெளியூர்ச் சொல்தானேன்னு 'இல் தோசா'ன்னு ஆண்பாலாக்குறவங்களும் உண்டு. சமோசாவுக்கும் இதே இழுபறி. அப்ப சாப்பிட்டு முடிச்ச பக்கத்து வீட்டுக்காரர் பியாச்சூத்தோன்னு சொல்றதா, பியாச்சூத்தான்னு சொல்றதா? அவர் புத்திசாலியா இருந்தா 'மி யே பியாச்சூத்தோ துத்தோ'ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவார். எனக்கு எல்லாமே பிடிச்சுது. துத்தோ, எல்லாம், எத்தனை தோசை உள்ள போயிருந்தாலும் ஒருமைதான்.